வாங்கியது டோப், சுவரில் வந்தது வேறு: எங்கே பிழை, எப்படிச் சரிசெய்வது?

வடசென்னையில், தண்டையார்பேட்டையில் ஒரு பெயிண்ட் கடையில், கலர் கலக்கும் மெஷினுக்குப் பக்கத்தில் நிற்பது என் வேலை. சந்தன கலர், பிஸ்தா பச்சை, ரோஸ் என்று பெயர் சொல்லிக் கேட்ட ஜனம் இப்போது ஃபோனை நீட்டி, "இது வேணும்" என்கிறது. ஃபோனில் இருப்பது பெரும்பாலும் டோப். பிரௌனும் இல்லை, சாம்பலும் இல்லை. எண்ணூர்க் கரையில் அலை பின்வாங்கியதும் அரை ஈரமாகக் கிடக்கும் மணலை நினைத்துக்கொள்ளுங்கள், கிட்டத்தட்ட அதுதான். பெயர் பிரெஞ்சு. அந்த மொழியில் அகழெலிக்கு டோப் என்று பெயர், அதன் தோல் நிறம் இது. எங்கள் பெயிண்டர் மேஸ்திரி ஒருவர் முதன்முதலில் கேட்டபோது, "இன்னாது, டோப்பா கலரா? கறுப்பா, நரைச்சதா?" என்றார்.

வெளிர் டோப்பில் சிக்கல் குறைவு. அடர் டோப் வாங்குகிறவர்கள் துணிந்துதான் வாங்குகிறார்கள். நடுத்தர ஷேடுதான் திரும்பி வருகிறது. திரும்பி வருவது கலர் இல்லை, ஆட்கள், பாதி டப்பாவைக் கையில் தூக்கிக்கொண்டு. "நீங்க குடுத்தது வேற கலரு."

சில நேரம் அது உண்மையாகவே இருக்கும். டப்பாவில் வரும் பேஸ், அதாவது கலர் சேர்ப்பதற்கு முன்பு இருக்கும் பெயிண்ட், இரண்டு மூன்று வகை. ஒரு பேஸுக்கு உண்டான கலர் கணக்கை இன்னொன்றில் போட்டுவிட்டால் ஷேடு வெளுத்துப்போகும் அல்லது இருண்டுபோகும். நானே ஒருமுறை அப்படிப் போட்டு, சொந்தக் காசில் மாற்றிக் கொடுத்திருக்கிறேன். ஆனால் பத்துக்கு எட்டு பேர் விஷயத்தில் டப்பா சரியாகத்தான் இருக்கும். டோப்புக்குள் மஞ்சள், சிவப்பு, கறுப்பு எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் இருக்கின்றன. எதுவும் ஓங்கி நிற்பதில்லை. அதனால் எந்த வெளிச்சம் விழுகிறதோ அந்த வெளிச்சத்தின் பக்கம் சாய்ந்துவிடும். கூட்டணி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

சண்டைக்குக் கிளம்பும் முன் ஒரு சோதனை. மீதியிருக்கும் பெயிண்டை நன்றாகக் கலக்கி, ஒரு வெள்ளை அட்டையில் இரண்டு கோட்டு அடித்து, முழுக்கக் காய விடுங்கள். ஈரத்தில் பார்த்து முடிவு கட்டாதீர்கள், எமல்ஷன் காய்ந்தால் நிறம் மாறும், அநேகமாகக் கொஞ்சம் அடரும். காய்ந்த அட்டையையும் ஷேடு கார்டையும் எடுத்துக்கொண்டு பகல் பதினொரு மணிக்கு வாசலில், நேர் வெயில் படாத நிழலில் நின்று பாருங்கள். இரண்டும் ஒத்துப்போனால் டப்பா குற்றவாளி இல்லை. ஒத்துப்போகவில்லை என்றால் மூடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரோடு கடைக்கு வாருங்கள், நியாயம் உங்கள் பக்கம். ஒத்துப்போனவர்கள் கீழே படியுங்கள்.

"பகல்ல நல்லாருக்கு, ராத்திரி செத்துப்போன மாதிரி ஆயிடுது"

அதிகம் வரும் புகார் இது. தீர்வும் இதற்குத்தான் மலிவு. வீட்டில் என்ன லைட் என்று கேட்பேன். "எல்.இ.டி. டியூப், நல்லா பளிச்சுனு இருக்கும்" என்பார்கள். அந்தப் பளிச்சுதான் வினை. நம் வீடுகளில் மாட்டும் டியூப் பெரும்பாலும் 6500 கெல்வின், நீலம் கலந்த வெள்ளை. டோப்பில் இருக்கும் மஞ்சளையும் சிவப்பையும் அது அமுக்கி, சாம்பலை மட்டும் மேலே கொண்டுவரும். பல்பு டப்பாவின் பக்கவாட்டில் இந்த எண்ணைப் போட்டிருப்பார்கள், யாரும் படிப்பதில்லை. 2700, 3000 என்றால் மஞ்சள் வெளிச்சம், 4000 என்றால் நடுவாந்திரம்.

சோதித்துப் பார்க்க 3000 கெல்வினில் 9 வாட் பல்பு ஒன்று போதும். டியூபை அணைத்துவிட்டு அதைப் போடுங்கள். சுவர் உயிர்த்துவிட்டதா? அப்படியானால் பெயிண்ட் செலவு மிச்சம். "குண்டு பல்பு காலத்துக்குப் போகச் சொல்றியா தம்பி, பையன் படிக்க வேணாமா" என்று கொருக்குப்பேட்டை அக்கா ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. கூடத்துக்கு 4000 கெல்வின் டியூப் ஒன்று, சோபா பக்கம் சுவரை நோக்கி 3000 கெல்வின் பல்பு ஒன்று. படிக்கும்போது டியூப், மற்ற நேரம் பல்பு. இரண்டும் ஒன்றாக எரிந்தாலும் பெரிய மோசமில்லை.

பல்பு மாற்றியும் சுவர் களையாகத் தெரியவில்லை என்றால் டப்பாவில் சி.ஆர்.ஐ. என்ற எண்ணைத் தேடுங்கள். பொருளின் நிறத்தை விளக்கு எவ்வளவு சரியாகக் காட்டுகிறது என்பதற்கு 100க்கு எத்தனை மதிப்பெண் என்பது அது. சாதாரண பல்பில் 80 வாக்கில் இருக்கும். 90 கிடைத்தால் கொஞ்சம் கூடக் கொடுத்தாவது வாங்கலாம். இந்த மாதிரி நிறத்துக்கு வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

"பச்சை அடிக்குது", அல்லது "ரோஸ் அடிக்குது"

ஒரு வெள்ளைத் தாளின் நடுவில் தீப்பெட்டி அளவுக்கு ஓட்டை வெட்டி, சுவரில் ஒட்டிப் பிடியுங்கள். ஓட்டைக்குள் தெரியும் நிறத்தைச் சுற்றியுள்ள வெள்ளையோடு ஒப்பிட்டால் சாய்வு எந்தப் பக்கம் என்று உடனே தெரிந்துவிடும். ஜன்னலுக்குப் பக்கத்தில் ஒரு தடவை, உள் மூலையில் ஒரு தடவை, தரையிலிருந்து ஒரு முழம் உயரத்தில் ஒரு தடவை. மூன்று இடத்திலும் ஒரே சாய்வு என்றால் அது ஷேடின் சுபாவம். இடத்துக்கு இடம் மாறினால் வேறு எங்கிருந்தோ நிறம் கடன் வாங்குகிறது.

எங்கிருந்து? ராயபுரத்திலும் பழைய வண்ணாரப்பேட்டையிலும் சந்து வீடுகளில் ஜன்னலைத் திறந்தால் வானமா தெரிகிறது? நாலடி தள்ளி எதிர்வீட்டுச் சுவர்தான் தெரியும். வானத்து வெளிச்சம் அதில் பட்டுத் தெறித்துத்தான் நம் வீட்டுக்குள் வருகிறது. எதிர்வீட்டுக்காரர் பச்சை அடித்திருந்தால் நம் டோப்பும் கொஞ்சம் பச்சைதான். தண்டையார்பேட்டையில் ஒரு வீட்டில் மூன்று மாதம் நன்றாக இருந்த சுவர் திடீரென்று ரோஸ் ஆகிவிட்டது என்று கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தேன். எதிர்வீட்டில் கல்யாணம், புதிதாக ரோஸ் அடித்திருந்தார்கள். இதற்கு நான் என்ன செய்ய?

செய்ய ஒன்று இருக்கிறது. அந்த ஜன்னலுக்கு மெல்லிய, சாயம் போடாத வெள்ளைப் பருத்தித் திரை. தெறித்து வரும் நிறத்தை முழுக்கத் தடுக்காது, ஆனால் வெளிச்சத்தைப் பரப்பி, நிறம் ஒரே சுவரில் குவியாமல் பார்த்துக்கொள்ளும்.

பச்சைக்கு இன்னொரு காரணம் பால்கனியில் கட்டும் பச்சை வலை. மொட்டை மாடிப் படிக்கு மேல் போடும் பச்சை ஃபைபர் ஷீட்டும் அதே வேலையைச் செய்யும். வலையைக் கறுப்பாகவோ வெள்ளையாகவோ மாற்றினால் பாதிப் பிரச்சினை போய்விடும். ரோஸுக்கு இன்னொரு காரணம் ரெட் ஆக்சைடு தரை. பழைய வீடுகளில் பளபளவென்று தேய்த்து வைத்திருப்பார்கள். காலை வெயில் தரையில் விழுந்தால் சுவரின் கீழ்ப் பாதி சிவக்கும். அந்தத் தரையை மறைக்கச் சொல்ல எனக்கு மனசு வராது, சுவரைவிட அதுதான் அழகு. வெயில் விழும் இடத்தில் மட்டும் ஒரு கோரைப்பாய் போடுங்கள். இன்னும் அடிக்கவே இல்லை, தரை ரெட் ஆக்சைடு என்றால், கொஞ்சம் பச்சைச் சாய்வுள்ள டோப்பாகத் தேர்ந்தெடுங்கள். இரண்டும் ஒன்றையொன்று சரிக்கட்டிவிடும்.

வடக்கு ஜன்னல் உள்ளவர்களுக்கு ஒரு சேதி. "வடக்குப் பார்த்த அறையில் வெயிலே வராது, நிறம் எப்போதும் குளிர்ச்சியாகத் தெரியும்" என்று இன்டர்நெட்டில் படித்துவிட்டு வருகிறார்கள். அது ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் பொருந்தும். சென்னை 13 டிகிரி வடக்கில் இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்ட் நடு வரை உச்சிவேளைச் சூரியன் நமக்கு வடக்கே சாய்ந்துதான் நிற்கும். அந்த மாதங்களில் வடக்கு ஜன்னலிலும் வெயில் எட்டிப் பார்க்கும். மே மாதம் பொன்னாகத் தெரிந்த சுவர் டிசம்பரில் சாம்பலானால் பெயிண்ட் வெளுத்துவிட்டது என்று நினைக்காதீர்கள்.

"ரூமு குடோன் மாதிரி ஆயிடுச்சு"

விழும் வெளிச்சத்தில் எத்தனை சதவீதத்தைச் சுவர் திருப்பித் தருகிறது என்பதற்கு எல்.ஆர்.வி. என்று ஓர் எண் உண்டு. சில ஷேடு கார்டுகளில் பின்பக்கம் அச்சிட்டிருப்பார்கள். நல்ல வெள்ளை 80க்கு மேல், நடுத்தர டோப் ஏறக்குறைய 30லிருந்து 45க்குள். வெள்ளைச் சுவருக்குப் போதுமாக இருந்த ஒற்றை டியூப் இப்போது பத்தாது. பத்துக்குப் பன்னிரண்டு அறைக்கு 20 வாட் டியூப் இரண்டு, எதிரெதிர்ச் சுவரில்.

அப்புறம் சீலிங்கைப் பாருங்கள். நாலு சுவரும் சீலிங்கும் ஒரே டோப் என்றால், ஐயா, அது ரூம் இல்லை, பெட்டி. சீலிங்கை வெள்ளையாக்கி, அந்த வெள்ளையைச் சுவரின் மேலும் அரை அடி இறக்கிவிடுங்கள். அதுவும் போதவில்லை என்றால் ஜன்னல் இருக்கும் சுவரை வெளிர் நிறமாக மாற்றுங்கள். ஜன்னலின் கூசும் வெளிச்சத்துக்குப் பக்கத்தில் இருப்பதால் அந்தச் சுவர்தான் எப்போதும் இருட்டாகத் தெரியும். ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில் டோப் இருக்கட்டும்.

"மாவு கொட்டின மாதிரி வெள்ளை வெள்ளையா பூக்குது"

இதைக் கேட்டால் எனக்கே வயிற்றைக் கலக்கும். பல்பு மாற்றித் தீரும் விவகாரம் இல்லை. கடலுக்கு இத்தனை பக்கத்தில் இருக்கிறோம், நிலத்தடி நீர் உப்பு. பல வீடுகள் அந்தத் தண்ணீரில் கலவை போட்டு, அந்தத் தண்ணீரையே ஊற்றிக் கட்டியவை. ஈரம் சுவருக்குள் ஏறும்போது உப்பைக் கரைத்துக்கொண்டு வருகிறது. வெளிப்பக்கம் வந்ததும் தண்ணீர் ஆவியாகி, உப்பு மட்டும் அங்கே நின்றுவிடுகிறது. வெள்ளை அடித்திருந்த காலத்திலும் இது பூத்துக்கொண்டுதான் இருந்தது. வெள்ளையில் வெள்ளை தெரியவில்லை, டோப் காட்டிக் கொடுக்கிறது, அவ்வளவுதான்.

காலமும் ஒரு காரணம். நமக்குப் போகிக்கு முன்னால் வீடு வெள்ளை அடித்தாக வேண்டும். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை கொட்டும். ஜனவரி முதல் வாரத்தில் சுவர் தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், உள்ளே செங்கல் நனைந்திருக்கும். அன்றைக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள், அது மூச்சு விடும், ஈரம் அதன் வழியாகவே வெளியேறிவிடும். இன்றைக்குப் பட்டி, பிரைமர், எமல்ஷன் என்று மேலே மேலே மூடுகிறோம். ஈரம் வழி தேடி முட்டும்போது பெயிண்ட் தோல் உரிகிற மாதிரி வருகிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம் புகுந்த வீடுகளில், அடுத்த மாதமே பொங்கலுக்கு அவசரமாக அடித்தவர்கள் கோடை வருவதற்குள் என்னிடம் திரும்பி வந்தார்கள்.

முதலில் ஈரம் எங்கிருந்து என்று பாருங்கள். ஒன்றரை அடிச் சதுரத்துக்குக் கெட்டியான பிளாஸ்டிக் ஷீட்டை நாலு பக்கமும் காற்று புகாமல் டேப் போட்டுச் சுவரில் ஒட்டி, ஒரு நாள் முழுக்க விடுங்கள். உள்பக்கம், சுவரைப் பார்த்த பக்கம், வேர்த்திருந்தால் ஈரம் சுவருக்குள் இருக்கிறது. வெளிப்பக்கம் வேர்த்திருந்தால் அறைக் காற்றின் ஈரம், ஜன்னலைத் திறந்து வைத்தாலே பாதி சரியாகும். பூப்பு தரையிலிருந்து இரண்டு மூன்று அடிக்குள் நின்றால் அடியிலிருந்து ஏறுகிறது. நடுச்சுவரிலோ சீலிங் ஓரத்திலோ என்றால் பைப், பாத்ரூம், அல்லது மாடித் தளம்.

ஒரு வேலையை மட்டும் செய்யாதீர்கள்: ஈரத் துணியால் துடைப்பது. உப்பு கரைந்து மறுபடி சுவருக்குள் போய், அடுத்த வாரம் அகலமாகப் பூக்கும். காய்ந்த பிரஷ்ஷால் தட்டி, கீழே பேப்பர் விரித்து, அள்ளி வெளியே கொட்டுங்கள். அதன் மேல் பட்டி பார்ப்பதும் வீண்.

அடியிலிருந்து ஏறும் ஈரத்துக்குப் பூச்சை உடைக்கத்தான் வேண்டும். கறை தெரியும் உயரத்துக்கு மேலும் ஓர் அடி வரை கொத்தி எடுத்து, செங்கலைச் சில வாரம் திறந்து காயவிட்டு, வாட்டர்ப்ரூஃப் கலவை சேர்த்துப் பூசவேண்டும். கலவைக்கும், பூசியபின் நனைப்பதற்கும் மெட்ரோ குழாய்த் தண்ணீர்தான். போர் தண்ணீர் எடுத்த மேஸ்திரியை அன்றே நிறுத்துங்கள். புதுப் பூச்சு 28 நாள் போகட்டும். அதற்கு முன்னால் சிமெண்டின் காரம் பெயிண்டைத் தின்னும். பிறகு காரம் தாங்கும் பிரைமர், அப்புறம்தான் டோப். பழைய சுண்ணாம்புக் காரைச் சுவர் என்றால் சிமெண்டைக் கொண்டுபோய்ப் பூசாதீர்கள், ஈரம் சிமெண்டைத் தாண்டி இன்னும் மேலே ஏறும். சுண்ணாம்புக் கலவை தெரிந்த ஆளைத் தேடிப் பிடியுங்கள். அந்தச் சுவருக்குச் சுண்ணாம்பிலேயே காவியும் கறுப்பும் துளித்துளியாகக் கலந்தால் டோப்புக்குக் கிட்டத்தில் வரும். அச்சு அசலாக வராது, ஆனால் உரியாது.

இத்தனைக்கும் காசில்லை என்றால் அந்த மூன்றடியை மட்டும் வெளிர் நிறத்தில் விட்டு, மேலே டோப் அடியுங்கள். பூத்தாலும் தெரியாது, பூத்ததைத் தட்டிவிடலாம். நான் என் வீட்டில் அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

"திட்டுத் திட்டா தெரியுது, ரோலர் போன வழி தெரியுது"

ஆள் வேலை. ஃபேனைப் போட்டுக்கொண்டு அடித்திருப்பார்கள், அல்லது நடுச்சுவரில் நிறுத்திவிட்டு டீக்குப் போயிருப்பார்கள். நம் வெயிலில் ஓரம் பத்து நிமிடத்தில் காய்ந்துவிடும். காய்ந்த ஓரத்தின் மேல் அடுத்த பட்டை ஏறினால் அங்கே இரட்டைக் கனம், கோடு நிற்கும். ஒரு மூலையில் ஆரம்பித்தால் மறு மூலையில்தான் நிறுத்த வேண்டும். பட்டி ஒட்டுப் போட்ட இடத்தில் பிரைமர் விட்டிருந்தால் அந்த இடம் பெயிண்டை உறிஞ்சி மங்கித் தெரியும். அதில் மட்டும் தொட்டுத் தொட்டு அடித்தால் இன்னும் கேவலமாகும். உப்புத்தாள் போட்டு, பிரைமர் வைத்து, அந்தச் சுவர் முழுக்க ஒரு கோட்டு.

பாதிச் சுவரில் பெயிண்ட் தீர்ந்து புது டப்பா வாங்கியிருந்தால் அதுவும் காரணம். பத்துக்குப் பன்னிரண்டு அறை, பத்தடி உயரம், கதவு ஜன்னல் போக 400 சதுர அடி. இரண்டு கோட்டுக்கு லிட்டருக்கு 60 சதுர அடி என்று போட்டால் ஏறக்குறைய ஏழு லிட்டர். நாலும் நாலுமாக இரண்டு தடவை வாங்காமல் ஒரே பத்து லிட்டர் எடுங்கள். இரண்டு டப்பாதான் இருக்கிறது என்றால் பெரிய பக்கெட்டில் ஒன்றாகக் கொட்டிக் கலக்கிவிட்டு ஆரம்பியுங்கள்.

"ஜன்னல் ஓரம் கறுப்பா படியுது, கை வச்ச இடம் பளபளங்குது"

திருவொற்றியூர் நெடுஞ்சாலை, எண்ணூர் நெடுஞ்சாலை பக்கம் இருப்பவர்களுக்குச் சொல்லவே வேண்டாம், கன்டெய்னர் லாரிப் புகை. ஈரத் துணியோடு ஆரம்பித்தால் கரி சேறாகிச் சுவரில் இழுத்துக்கொள்ளும். முதலில் காய்ந்த துணியால் ஒற்றி எடுத்து, பிறகு சோப்புத் தண்ணீர் ஒரு சொட்டு. அழுத்தித் தேய்த்தால் மேட் ஃபினிஷ் மெருகேறிப் பளபளக்கும், அது போகாது. நடை, அடுக்களை, குழந்தைகள் சாயும் இடத்துக்கு அதே ஷேடை லேசான மினுப்புள்ள ஃபினிஷில் வாங்குங்கள். வஞ்சிரம் வறுக்கும் அடுக்களையில் மேட் டோப் அடித்தவர்களுக்கு என் அனுதாபம்.

"எல்லாம் சரி, ஆனா வீடு களையா இல்ல"

தேக்குக் கட்டில், பிரௌன் சோபா, சாம்பல் பீரோ, காபிப் பொடி நிறத்தில் கதவு. எல்லாம் டோப்பின் சொந்தக்காரர்கள். ஒன்றுக்குள் ஒன்று கரைந்துவிடுகின்றன. கதவு நிலையை வெள்ளையாக்குங்கள், சுவருக்கு ஓரம் கிடைக்கும். பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு பக்கம் போனால் மயில் நீலத்தில், கடுகு மஞ்சளில் துணி எடுக்கலாம், தலையணை உறை இரண்டு தைத்தாலே போதும். வீட்டில் இருப்பதிலேயே டோப்புக்குப் பொருத்தமானது பித்தளை. பரணில் கிடக்கும் பித்தளைக் குடத்தைப் புளி போட்டுத் தேய்த்து அந்தச் சுவர் முன்னால் வைத்துப் பாருங்கள். தாத்தா பாட்டியின் கறுப்பு வெள்ளைப் போட்டோ இருந்தால் அகலமான வெள்ளை மவுண்ட் வைத்து, மெல்லிய கறுப்புச் சட்டம் போட்டு மாட்டுங்கள். வேறு எந்தக் கலர் சுவரிலும் அவர்கள் இவ்வளவு தெளிவாகத் தெரிய மாட்டார்கள்.

ஃபோனில் எடுத்தால் வேறு நிறம் வருகிறது என்பது புகாரே இல்லை. கேமரா ஒவ்வொரு படத்துக்கும் வெள்ளை எது என்று தானாக ஊகித்துக்கொள்கிறது. மாமியாருக்குப் படம் அனுப்பி அபிப்பிராயம் கேட்காதீர்கள், நேரில் கூப்பிடுங்கள்.

"எல்லாம் செஞ்சு பாத்துட்டேன், புடிக்கல"

சரி, மாற்றுவோம். வேறு ஷேடு தேடி மறுபடி சிக்க வேண்டாம். மூடி ஸ்டிக்கரில் இருக்கும் கலர் கணக்கைப் பாதியாகப் போட்டுத் தரச் சொல்லுங்கள், அதே டோப் பாதி அடர்த்தியில் வரும். முதலில் ஒரு லிட்டர் மட்டும். சுவரில் நேரடியாக அடிக்காமல், இரண்டடிச் சதுர வெள்ளை அட்டை இரண்டில் அடித்து, ஓரத்தில் இரண்டு அங்குலம் வெள்ளை விட்டு, ஒன்றை ஜன்னலுக்குப் பக்கத்திலும் ஒன்றை உள் மூலையிலும் சாய்த்து வையுங்கள். இரண்டு நாள், காலை, மதியம், விளக்கு போட்டபின். பிடித்திருந்தால் மீதி வாங்க வரும்போது அந்த மூடியையும் எடுத்து வாருங்கள். மூடியைத்தான் எல்லோரும் முதலில் தூக்கிப் போடுகிறார்கள், அல்லது அதில் பூனைக்குச் சோறு வைத்துவிடுகிறார்கள்.